மாத்திரை இருக்கட்டும், முதலில் அந்தத் தலைவலியைப் பார்ப்போம்

கேள்வி: எனக்கு வயது 29. ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங்கில் இருக்கிறேன். மூன்று வயதில் மகள் இருக்கிறாள். அடுத்த குழந்தைக்கு இரண்டு வருஷம் போகட்டும் என்று, கூட வேலை பார்க்கும் தோழி சாப்பிடும் கருத்தடை மாத்திரையின் அட்டையைக் காட்டி மெடிக்கலில் வாங்கி நான்கு மாதமாகச் சாப்பிடுகிறேன். அட்டையின் கடைசியில் இருக்கும் பழுப்பு மாத்திரைகள் வெறும் சத்து மாத்திரை என்று தோழி சொன்னதால் அவற்றைத் தூக்கிப் போட்டுவிடுவேன். பீரியட்ஸ் முழுதாக நின்ற பிறகுதான் புது அட்டையைத் தொடங்குவேன். நடுவில் சில நாள் மறந்தும் போகிறது. "இதைத் தின்னா கர்ப்பப்பை வறண்டு போயிடும், அடுத்தது தங்காது" என்கிறார் மாமியார். கணவருக்கு ஆணுறை பிடிக்காது. இன்னொன்று, எனக்கு முன்பிருந்தே தலைவலி உண்டு. கண் முன்னால் நெளிந்து நெளிந்து ஒரு வெளிச்சக் கோடு ஓடும், ஸ்கிரீனில் பாதி எண்கள் தெரியாது, அரை மணி நேரத்தில் ஒரு பக்கமாகத் தலைவலி பிடித்துக்கொள்ளும். இப்போது அது அடிக்கடி வருகிறது. கம்ப்யூட்டர் பார்ப்பதால் இருக்கும். இந்த மாத்திரையை எத்தனை வருஷம் பயமில்லாமல் சாப்பிடலாம்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: அன்புச் சகோதரி, எத்தனை வருஷம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் விஷயத்தில், இன்றைக்கே நிறுத்திவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். பதறாதீர்கள், காரணத்தைச் சொல்கிறேன்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த நெளியும் வெளிச்சக் கோடு, அதுதான் இதில் முக்கியமான செய்தி. பார்வையில் ஒரு பகுதி மறைந்து, கோடு கோடாக வெளிச்சம் ஓடி, சிறிது நேரத்தில் ஒற்றைத் தலைவலி தொடங்குவதை மருத்துவத்தில் 'ஆரா'வோடு வரும் மைக்ரேன் என்போம். சிலருக்கு ஒரு கை மரத்துப்போகும், சிலருக்கு வார்த்தை குழறும். பொதுவாக 5 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை இருந்துவிட்டு இவை தானாகவே சரியாகிவிடும். அதனாலேயே கண் சோர்வு, வேலை டென்ஷன் என்று பெண்கள் விட்டுவிடுகிறார்கள்.

இந்த வகைத் தலைவலி உள்ளவர்களுக்கு மூளை ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டுப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம். நீங்கள் சாப்பிடும் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இருக்கிறது. அது ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. இரண்டும் ஒரே உடம்பில் சேரக் கூடாது. எந்த வயதாக இருந்தாலும் ஆரா மைக்ரேன் உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை கூடாது என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் சொல்கிறது. 29 வயதில் பக்கவாதம் அபூர்வம்தான். ஆனால் வந்துவிட்டால், பலருக்கு இழந்த சக்தி முழுதாகத் திரும்பிவராது. வேறு நல்ல வழிகள் கையில் இருக்கும்போது எதற்கு அந்த ஆபத்து? அதிலும் மாத்திரை தொடங்கிய பிறகு தலைவலி கூடியிருக்கிறது என்கிறீர்கள். அது ஆரா மைக்ரேன்தானா என்பதை மருத்துவர் நேரில் பார்த்து உறுதி செய்யட்டும். அதுவரை அட்டையைத் தொட வேண்டாம்.

உங்கள் தோழி மேல் தப்பில்லை. அவருக்கு ஒத்துக்கொண்டதை நல்ல மனசோடு சொல்லியிருக்கிறார். ஆனால் ஒருவர் அட்டையைக் காட்டி இன்னொருவர் வாங்கும் பொருள் இல்லை இது. தொடங்கும் முன் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்ப்பார்கள். 140/90-ஐத் தாண்டினால் இந்த மாத்திரை வேண்டாம். காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு, இதய நோய், கல்லீரல் பாதிப்பு, மார்பகப் புற்றுநோய் இருந்தவர்கள், 35 வயதைத் தாண்டிய புகைபிடிக்கும் பெண்கள், பிரசவமாகி ஆறு மாதம் ஆகாமல் பால் கொடுக்கும் தாய்மார்கள், இவர்களுக்கும் இது சரிப்படாது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், கார்பமாசெபின் போன்ற மருந்துகள் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். கிருமித் தொற்றுக்குக் கொடுக்கும் அமாக்ஸிசிலின் போன்றவற்றால் அந்தப் பிரச்சினை இல்லை.

இதைப் படித்துவிட்டு மற்ற வாசகிகள் அட்டையைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. மாத்திரை சாப்பிடாத, கர்ப்பமாக இல்லாத பெண்களில் வருஷத்துக்கு 10,000 பேரில் சுமார் 2 பேருக்குக் கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ரத்தம் உறையும். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களில் அது 5 முதல் 7 பேர். கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் இருக்கும் ஆபத்து இதைவிட அதிகம். உடம்பு ஒத்துழைக்கும் பெண்களுக்கு இது நம்பகமான மாத்திரைதான். அவர்கள் வருஷக்கணக்கில் சாப்பிடலாம். வருஷத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

சரி, அந்தப் பழுப்பு மாத்திரைக்கு வருவோம். மாலா-என், மாலா-டி போன்ற கருத்தடை மாத்திரை அட்டைகளில் 28 மாத்திரைகள் இருக்கும். 21 வெள்ளை, அவற்றில்தான் ஹார்மோன். 7 பழுப்பு, அவை இரும்புச் சத்து. சத்து மாத்திரை என்று தோழி சொன்னது உண்மைதான். ஆனால் அவற்றுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. நாள் எண்ணிக்கை தவறாமல் காப்பது அவைதான். பழுப்பு முடிந்த மறுநாள், ரத்தப்போக்கு நின்றிருந்தாலும் நிற்காவிட்டாலும், புது அட்டையின் முதல் வெள்ளை மாத்திரையைப் போட்டாக வேண்டும். ஹார்மோன் இல்லாமல் ஏழு நாளைத் தாண்டினால் சினைப்பை மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். பீரியட்ஸ் முழுதாக நிற்கட்டும் என்று நீங்கள் காத்திருந்தபோது எட்டு, ஒன்பது நாள் ஆகியிருக்கும். போதாததற்கு நடுவில் மறதி வேறு. அதனால் மருத்துவரிடம் போகும்போதே சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

மாத்திரையைத் தொடரும் மற்றவர்களுக்கு மறதி பற்றி ஒரு வார்த்தை. ஒரு வெள்ளை மாத்திரை விட்டுப்போனால் நினைவு வந்ததும் போடுங்கள், அன்றைய மாத்திரையை வழக்கமான நேரத்தில் போடுங்கள். ஒரே நாளில் இரண்டு ஆனாலும் பரவாயில்லை. இரண்டோ அதற்கு மேலோ தொடர்ந்து விட்டுப்போனால், கடைசியாக விட்டதை மட்டும் உடனே போட்டுவிட்டு அட்டையைத் தொடருங்கள். அடுத்த ஏழு நாளைக்கு ஆணுறை கட்டாயம். இது மூன்றாவது வாரத்தில் நடந்தால் வெள்ளையை முடித்ததும் இடைவெளி விடாமல் நேராகப் புது அட்டைக்குப் போய்விடுங்கள். அப்போது பழுப்பைத் தாராளமாகத் தூக்கிப் போடலாம். முதல் வாரத்தில் விட்டுப்போய், உறவும் நடந்திருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரை போட்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும்.

மாமியாரின் பயத்துக்கு வருகிறேன். பேரப்பிள்ளை தங்காமல் போய்விடுமோ என்று ஒரு பெரியவர் கவலைப்படுவதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கர்ப்பப்பை வறண்டு போகாது. மாத்திரையை நிறுத்தியதும் கருமுட்டை மறுபடி வரத் தொடங்கும், பல பெண்கள் சில மாதங்களிலேயே கருத்தரிக்கிறார்கள். சினைப்பை, கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய்களுக்கான வாய்ப்பைக்கூட இந்த மாத்திரை குறைக்கிறது. அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

இனி உங்களுக்கு என்ன வழி? என்னைக் கேட்டால் முதலில், கர்ப்பப்பைக்குள் பொருத்தும் காப்பர்-டி என்பேன். அதில் ஹார்மோனே இல்லை, தினமும் ஞாபகம் வைக்கவும் வேண்டாம். 375 வகை 5 வருஷம், 380ஏ வகை 10 வருஷம் பலன் தரும். அடுத்த குழந்தை வேண்டும் என்று தோன்றும் நாளில் எடுத்துவிடலாம். அரசு மருத்துவமனைகளில் இலவசம். முதல் சில மாதம் உதிரப்போக்கும் வயிற்றுவலியும் கூடலாம் என்பதால் ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பம் இல்லை என்று தெரிந்து, உறவு நடந்த 5 நாளுக்குள் போட்டால் அது அவசரக் கருத்தடையாகவும் வேலை செய்யும். இந்த வாரமே போகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாத்திரைதான் வசதி என்றால் 'சாயா' இருக்கிறது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த மருந்து. அதில் ஈஸ்ட்ரோஜன் கிடையாது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். பீரியட்ஸ் தள்ளிப்போகலாம். நீர்க்கட்டிப் பிரச்சினையோ கல்லீரல் கோளாறோ இருந்தால் இது வேண்டாம். புரொஜெஸ்டிரோன் வகை ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரையும் உண்டு. எது பொருந்தும் என்பதை உங்களைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அதுவரை ஆணுறைதான். இந்தப் பத்தியை உங்கள் கணவரிடம் காட்டுங்கள். தம்பி, உங்கள் மனைவி இத்தனை நாள் தன் உடம்பில் ஆபத்து இருப்பது தெரியாமலே உங்கள் இருவருக்குமான பொறுப்பைத் தனியாகச் சுமந்திருக்கிறார். சில வாரம் நீங்கள் சுமக்கலாம். முடிந்தால் மருத்துவமனைக்கும் கூடவே போங்கள்.

ஒருவேளை திடீரென்று ஒரு பக்கம் கை கால் பலவீனம், வாய் கோணல், பேச்சுக் குழறல், இதுவரை வந்திராத அளவு தலைவலி, மூச்சுத்திணறலோடு நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, இவற்றில் எது வந்தாலும் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள்மா. 108-ஐ அழையுங்கள், மாத்திரை சாப்பிட்டதையும் சொல்லுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த அட்டையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது வெளிச்சக் கோடு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்பதை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.