முயல் காணாமல் போனால் தெருவில் தேடாதீர்கள், தரையில் தேடுங்கள்

பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீட்டில் இருக்கிறோம். மகள் வளர்க்கும் வெள்ளை முயல் பஞ்சு, நேற்று முன்தினம் மாலை கார் எடுத்தபோது கேட் வழியாக ஓடிவிட்டது. தாமான் (குடியிருப்புப் பகுதி) முழுக்கப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டோம். இரண்டு ராத்திரி ஆகிவிட்டது. மகள் சாப்பிட மறுக்கிறாள். இனிக் கிடைக்குமா?”

கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது அம்மா. மகளிடம் அப்படியே சொல்லுங்கள்.

வீட்டில் வளர்ந்த முயல் நாயைப் போல ஊர் சுற்றாது. பயந்ததும் பக்கத்தில் எந்த இருட்டு கிடைக்கிறதோ அதற்குள் நுழைந்து, அசையாமல் உட்கார்ந்துவிடும். நீங்கள் பெயர் சொல்லிக் கத்தும்போது அது இரண்டடி தூரத்தில்கூட இருக்கலாம். ஆனால் வராது. நிறையப் பேர் கூடிக் கத்தினால் இன்னும் உள்ளே போய்விடும். அதனால் தாமான் முழுக்க அலைவதை நிறுத்திவிட்டு, உங்கள் வரிசையிலும் எதிர் வரிசையிலும் பின்சந்திலும் தரையோடு தரையாகக் குனிந்து பாருங்கள்.

என் முயல் ஒன்று இப்படிப் போனபோது மூன்று நாள் அழுதுகொண்டே தேடினேன். கடைசியில் அடுத்த வீட்டுப் பின்கட்டில், வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் நான்கு விரல் அகல இடுக்கில் இருந்தது. காட்டிக்கொடுத்தது புழுக்கைதான். முயல் புழுக்கை பட்டாணி போல உருண்டையாக, காய்ந்து, உடைத்தால் வைக்கோல் தூள் போல உதிரும். எலிப் புழுக்கை நீளமாக இருக்கும். இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. செருப்பு அலமாரிக்கு அடியில், பூந்தொட்டிகளுக்குப் பின்னால், நிறுத்திவைத்த காருக்கு அடியில், மூடி போட்ட கால்வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு நீங்களே உள்ளே போய்ப் பார்ப்பது நல்லது. “இங்கே ஒன்றும் வரவில்லை” என்று அவர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் அவர்கள் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

நேரம் மிக முக்கியம். முயல் வெளியே வருவது அந்தியிலும் விடியலிலும்தான். மாலை ஏழிலிருந்து எட்டரை வரையும், காலை ஆறிலிருந்து ஏழரை வரையும் ஒருவர் மட்டும் வாசலில் தரையில் உட்காருங்கள். தினமும் தீனி போடும் டப்பாவை மெதுவாகக் குலுக்குங்கள். அந்தச் சத்தம் அதற்குப் பழக்கம். கூண்டைத் திறந்து கேட்டுக்கு உள்பக்கம் வைத்து, அதன் பழைய வைக்கோல், தண்ணீர், ஒரு பிடி கங்கோங் கீரை வையுங்கள். புது வைக்கோல் போடாதீர்கள், அதன் சொந்த வாசனை வேண்டும். ராத்திரியில் கூண்டைச் சுற்றி மாவை மெல்லிசாகத் தூவினால் காலையில் தடம் தெரியும். பின்னங்கால் தடம் நீளமாக முன்னால் விழும், முன்னங்கால் தடம் சின்னதாகப் பின்னால் விழும்.

கண்ணில் பட்டால் துரத்தவே கூடாது. இரண்டு பேர் அட்டைப் பெட்டியை விரித்துப் பிடித்து, மெல்ல மெல்ல ஒரு மூலைக்கு ஒதுக்குங்கள். மேலே துண்டைப் போட்டு, நெஞ்சையும் பின்பக்கத்தையும் சேர்த்துத் தாங்கித் தூக்குங்கள். காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. உதைத்துத் திமிறினால் முதுகெலும்பே முறிந்துவிடும். கால்வாய்க்குள் கான்கிரீட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் நீங்கள் இறங்காதீர்கள். மழை வந்தால் தண்ணீர் சட்டென்று ஏறிவிடும், உடும்பும் மலைப்பாம்பும் இருக்கும் இடம் அது. 999-ஐ அழைத்து பொம்பாவிடம் (தீயணைப்புப் படை) சொல்லுங்கள்.

இதற்கிடையே தாமான் வாட்ஸ்அப் குழுவில் படம் போடுங்கள். ‘அர்னாப் ஹிலாங்’ (முயல் காணவில்லை) என்று மலாயிலும், தெரிந்தவரிடம் கேட்டுச் சீனத்திலும் எழுதி ஒட்டுங்கள். காதுக்குள் மச்சம் போல ஏதாவது ஓர் அடையாளத்தை மட்டும் எழுதாமல் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது “என்னிடம் இருக்கிறது” என்றால் அதைக் கேட்டு உறுதி செய்யலாம். விடியற்காலையில் தெரு கூட்டுபவரிடம் கட்டாயம் சொல்லிவையுங்கள், முயல் நடமாடும் நேரத்தில் தெருவில் இருப்பவர் அவர்தான். ஜெலுத்தோங்கிலேயே எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் இருக்கிறது, அங்கேயும் ஒரு படம் கொடுங்கள்.

சரி, பஞ்சு கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே குளிப்பாட்டாதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் வெளியே இருந்த முயல், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் காதுகளைக் குளிர்ந்த தண்ணீரால் நனைத்துவிட்டு உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள். ஐஸ் வேண்டாம். வாலுக்கு அடியில் முடியை விலக்கிப் பாருங்கள், ஈ முட்டையிட்டுப் புழு வைத்திருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. பூனை கடித்த தடம் ஊசி முனை அளவு இருந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். வீட்டில் மிச்சம் இருக்கும் அமோக்சிசிலின் மருந்தை வாயில் ஊற்றிவிடாதீர்கள், அது முயலின் குடலைக் கெடுத்து உயிரையே எடுத்துவிடும். நாய்க்குத் தடவும் ஃபிப்ரோனில் தெள்ளு மருந்தும் ஆகாது. கிளினிக்குக்குப் போன் செய்யும்போதே “முயல் பார்ப்பீர்களா?” என்று கேளுங்கள், எல்லா டாக்டர்களும் பார்ப்பதில்லை.

அப்புறம், வந்த முதல் ராத்திரி தட்டைப் பாருங்கள். பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் குடல் நின்றுபோகிறது என்று அர்த்தம். காலை வரை காத்திருக்காதீர்கள்.