ஏழாம் மாத அரிப்புக்கு எந்த க்ரீம் வாங்கலாம்?

கேள்வி: எனக்கு ஏழாவது மாதம் முடியப்போகிறது. வயிற்றுத் தோல் இழுத்துப் பிடித்து ஓயாமல் அரிக்கிறது. மெடிக்கலில் கேட்டதும் ஒரு ட்யூப் எடுத்துக் கொடுத்தார்கள். நாலு நாளாகத் தடவுகிறேன், நன்றாகக் கேட்கிறது. குளோபெட்டசால், நியோமைசின், மைக்கோனசோல் என்று போட்டிருக்கிறது. ஒரு வாரமாக ராத்திரியில் உள்ளங்காலும் அரிக்கிறது. அங்கேயும் தடவலாமா? தழும்பு வராமலிருக்க 900 ரூபாய் க்ரீம் ஒன்று பார்த்தேன், வாங்கலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் உள்ளங்காலைக் கவனிப்போம். தடிப்போ பொரியோ இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் அதிகமாக அரித்தால், கோளாறு தோலில் இல்லாமல் கல்லீரலில் இருக்கலாம். கர்ப்ப காலத்தில் சிலருக்குப் பித்தநீர் சரியாக வடியாமல் பித்த அமிலம் ரத்தத்தில் சேரும். அது மிகவும் ஏறினால் வயிற்றுக் குழந்தைக்கே ஆபத்து. எந்தக் களிம்பும் இதற்கு உதவாது. அடுத்த செக்கப் வரை தள்ளாமல் இன்றைக்கே டாக்டரைப் பார்த்து, பைல் ஆசிட் (பித்த அமிலம்), கல்லீரல் ரத்தப் பரிசோதனைகள் பற்றிக் கேளுங்கள். கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ சொல்லுங்கள். குழந்தையின் அசைவு குறைந்தால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

அடுத்து அந்த ட்யூப். தோலில் தடவும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை குளோபெட்டசால். அரிப்பு சட்டென்று அடங்கியது அதனால்தான். கர்ப்பிணிகள் இதை நிறையத் தடவினால் குழந்தையின் எடை குறையக்கூடும். படர்தாமரையாக இருந்தால் சிவப்பு மட்டும் மங்கும், படை பரவிக்கொண்டே போகும். டாக்டர் சீட்டு இல்லாமல் இதை விற்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. ஏழு மாத வயிற்றைப் பார்த்தும் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறார்களே என்று எனக்கு மனசு ஆறவில்லை. நாலு நாள் கொஞ்சமாகத் தடவியதற்குப் பதற வேண்டாம். நிறுத்துங்கள், ட்யூபைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் வீரியம் குறைந்த ஸ்டீராய்டை அவரே எழுதுவார், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

வயிற்று அரிப்புக்கு கலமைன் லோஷன் போதும். ஃப்ரிட்ஜில் வைத்துத் தடவினால் இன்னும் இதமாக இருக்கும். வெதுவெதுப்பான நீரில் குளித்து, ஈரம் முழுக்கக் காயுமுன் வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரோ வெறும் தேங்காய் எண்ணெயோ தடவுங்கள். பழக்கதோஷத்தில் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிவிடாதீர்கள், அது தோல் வழியாக உள்ளே போகும்.

அந்த 900 ரூபாய் க்ரீம் வேண்டாம். தழும்பு வராமல் தடுப்பதாக உறுதியாக நிரூபிக்கப்பட்ட க்ரீம் எதுவும் கிடையாது. அந்தப் பணத்தை ரத்தப் பரிசோதனைக்கு எடுத்து வையுங்கள்.