வெளியிலிருந்து பணம் வரும்போது கூட்டமைப்பின் பிடி யார் கையில்?

கேள்வி: ஆறு குடியிருப்புச் சங்கங்கள் சேர்ந்து கூட்டமைப்பாக இயங்குகிறோம். இன்னும் பதிவு செய்யவில்லை. வடிகால் வேலைக்கு ஒரு நிதி நிறுவனம் பணம் தர முன்வந்திருக்கிறது. வாங்கினால் முடிவெல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடுமோ?

பதில்: போகலாம். ஆனால் வாசலைத் திறந்துவிடுவது பெரும்பாலும் கூட்டமைப்பேதான். நிறுவனத்தின் அழைப்பு ஒருவருக்கே வரும், அறிக்கையும் அவரே எழுதுவார். கொஞ்ச நாளில் அவரில்லாமல் எதுவும் நகராது. எனவே எந்தச் சந்திப்புக்கும் வெவ்வேறு குடியிருப்பைச் சேர்ந்த இருவர் போகட்டும். ஒருங்கிணைப்பாளர் ஆண்டுதோறும் மாறட்டும்; பழையவர் இரண்டு மாதம் உடனிருந்து கணக்கையும் தொடர்புகளையும் ஒப்படைக்க வேண்டும்.

கூட்டமைப்பின் முடிவெடுக்கும் குழுவில் குடியிருப்புக்கு இருவர் என்றால், ஆக 12 பேர். 7 பேர் வந்தால் போதும் என்று மட்டும் எழுதிவைத்தால் நான்கு குடியிருப்புகளே தீர்மானம் போட்டுவிடலாம். விடுபடுவது பள்ளத்தில் இருப்பவர்களாக இருந்தால் மேட்டுத் தண்ணீர் முழுக்க அவர்கள் வாசலில் நிற்கும். 7 பேர், அதுவும் குறைந்தது 5 குடியிருப்புகளிலிருந்து என்று வையுங்கள்.

பதிவு இல்லாததால் பணம் பதிவுபெற்ற வேறொரு அமைப்பின் கணக்கு வழியாகத்தான் வரும். அந்த அமைப்போடு எழுத்தில் ஒப்பந்தம் தேவை: நிர்வாகக் கட்டணம் எத்தனை சதவீதம், பில் கொடுத்து எத்தனை நாளில் பணம், மிச்சப் பணம் யாருக்கு. எல்லாவற்றையும்விட முக்கியமான வரி ஒன்று: கூட்டமைப்பின் தீர்மான நகல் இல்லாமல் ஒரு செலவும் கூடாது. பொருள் வாங்குபவர் பில்லில் ஒப்புதல் கையெழுத்துப் போடக்கூடாது.

கணக்கைத் தெருவில் ஒட்டுங்கள். ‘குழாய்ச் செலவு’ என்று மொத்தத் தொகை போட்டால் யாராலும் சரிபார்க்க முடியாது. ‘6 அங்குலக் குழாய், 40 எண்ணம், ஒன்றின் விலை இவ்வளவு’ என்று எழுதினால் குழியை மூடுவதற்குள் யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொன்று, முழு வேலைக்கும் வெளிப்பணம் கேட்காதீர்கள். கராச்சியின் ஓரங்கி குடிசைப் பகுதியில் 1980இல் சமூக சேவகர் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய திட்டத்தில், 20 முதல் 40 வீடுகள் கொண்ட ஒவ்வொரு சந்தும் தனக்கொரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்து, தானே பணம் திரட்டிச் சாக்கடை போட்டது. திட்ட அலுவலகம் தந்தது வரைபடம், மதிப்பீடு, கருவி, தொழில்நுட்ப வழிகாட்டல். மக்கள் பணத்தை அது தொடவில்லை. பெரிய கழிவுநீர்க் குழாய் அரசின் வேலை. நீங்களும் சந்து வேலையைச் சொந்தப் பணத்தில் செய்து, நில மட்டம் அளக்கும் சர்வேயரையும் பிரதான வடிகாலையும் நிறுவனத்திடம் கேளுங்கள். மட்டம் தவறினால் வடிகாலே வீண்.

நிறுவனத்தோடு பேரம் பேச ஒரு பிடிமானமும் உண்டு. உள்ளூர் தலைமையிலான காலநிலைத் தகவமைப்புக்கென, அதாவது வெள்ளம் போன்ற காலநிலைப் பாதிப்புகளைச் சமாளிக்கும் வேலையை உள்ளூர் மக்களே முன்னின்று நடத்துவதற்கென, 2021இல் வெளியான 8 கோட்பாடுகளில் முதலாவது, முடிவெடுக்கும் அதிகாரத்தை இயன்றவரை கீழ்மட்டத்துக்குக் கொடுப்பது. அந்த நிறுவனம் இதை ஏற்றுக் கையெழுத்திட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

கூட்டத்துக்கு வருபவர்களுக்குப் படிப்பணம் கொடுக்க வேண்டாம், பயணச் செலவோடு நிறுத்துங்கள். படி நின்ற மாதமே கூட்டமும் நின்றுவிடும்.