தண்ணீரைத் திரும்ப வையுங்கள்

கேள்வி: எங்கள் நாய்க்கு 13 வயது, எடை 14 கிலோ. சில மாதங்களாக ராத்திரி முழுக்க நடக்கிறான், மூலையில் நின்று சுவரையே பார்க்கிறான், நாங்கள் வெளியே போய் வந்தால் வாசலுக்கு ஓடி வருவதில்லை. இரண்டு வாரமாக நிறையத் தண்ணீர் குடித்து வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போகிறான். அதனால் இரவில் தண்ணீர் வைப்பதில்லை. தூங்குவதற்கு எங்கள் அலர்ஜி மாத்திரையில் பாதி கொடுக்கிறோம். மூளைக் கட்டி என்று இணையத்தில் போட்டிருக்கிறது. எங்களை மறந்துவிட்டானா?

பதில்: முதலில் தண்ணீரைத் திரும்ப வையுங்கள். இன்றே. மற்றதெல்லாம் அப்புறம்.

வயதான நாய் வீட்டுக்குள் சிறுநீர் போனால் எல்லோரும் அதை மறதி என்றே முடிவுகட்டிவிடுகிறார்கள். மறதி வந்த நாய் இடம் தெரியாமல் போகும், சரி. அதற்காகக் கூடுதலாகத் தண்ணீர் குடிக்காது. உங்கள் நாய் குடிப்பது கூடியிருக்கிறது. அப்படியென்றால் நான் முதலில் சந்தேகப்படுவது சிறுநீரகம், சர்க்கரை நோய், சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் அட்ரினல் சுரப்பி. பெரும்பாலும் உடம்பு நீரைத் தக்கவைக்க முடியாமல் வெளியேற்றுகிறது, அதை ஈடுகட்டத்தான் நாய் குடிக்கிறது. கிண்ணத்தை எடுத்துவிட்டால் சிறுநீர் நிற்காது, உடம்புதான் வற்றும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதென்றால் அது பெரிய ஆபத்து.

அளந்து ஊற்றுங்கள். 24 மணி நேரம் கழித்து மீதியை அளங்கள். கிலோவுக்கு 100 மில்லி, அதாவது உங்கள் நாய்க்கு 1.4 லிட்டரைத் தாண்டினால் நிச்சயமாக அதிகம். தாண்டாவிட்டாலும் வழக்கத்தைவிடக் கூடியிருப்பதே போதும். காலைச் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்துக்கொண்டு இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் போங்கள். ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம் மூன்றும் பார்க்க வேண்டும். வாந்தி எடுத்தாலோ சாப்பிட மறுத்தாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.

அலர்ஜி மாத்திரையை நிறுத்துங்கள். தூக்கம் வரவைக்கும் பழைய வகை மாத்திரைகள், நினைவுக்குத் தேவையான அசிடைல்கோலின் என்ற மூளை ரசாயனத்தின் வேலையைத் தடுக்கின்றன. ஏற்கெனவே குழம்பிய மூளைக்கு இதைக் கொடுத்துவிட்டு, இன்னும் குழம்புகிறான் என்று எனக்கு எழுதினால் என்ன சொல்வது! யாராவது இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையைக் கொடுக்கச் சொன்னாலும் கேட்காதீர்கள். நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் அது பாழாக்கும்.

மூளைக் கட்டியா? சுவரைப் பார்த்து நிற்பது வேறு, சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நிற்பது வேறு. இரண்டாவதுதான் அவசரம், நீங்கள் எழுதியிருப்பது முதலாவது. மாதக்கணக்கில் மெல்ல வந்த ராத்திரி நடையும் மூலையில் நிற்பதும் முதுமை மறதியின் போக்குதான். 2001இல் வெளியான ஓர் ஆய்வில் 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்திலும், 15, 16 வயது நாய்களில் 68 சதவீதத்திலும் ஒரு அறிகுறியாவது இருந்தது.

உங்கள் உண்மையான பயம் கடைசிக் கேள்வியில் இருக்கிறது. நோய் முற்றினால் ஆள் அடையாளம் குழம்பலாம். ஆனால் இந்த வயதில் காது மந்தமாவது சாதாரணம். கதவுச் சத்தமே கேட்காதவன் எப்படி ஓடி வருவான்? அவன் விழித்திருக்கும்போது முன்பக்கமாகப் போய் மூக்கருகே கையை நீட்டுங்கள். வால் ஆடினால் மறக்கவில்லை.

பகலில் சிறு சிறு நடை, இரவில் மங்கலான விளக்கு, இடம் மாறாத மேஜை நாற்காலி: இவை உதவும். பரிசோதனை முடிவு வந்தபின், தேவைப்பட்டால் மருத்துவர் மறதிக்கு செலிஜிலின் என்ற மருந்து தரலாம். நோயைக் குணமாக்காது, பலன் தெரியவே சில வாரம் ஆகும். உண்ணிக்காகக் கழுத்துப்பட்டை போட்டிருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். அமிட்ராஸ் என்ற உண்ணி மருந்து உள்ள பட்டையோடு செலிஜிலின் சேரவே கூடாது.