விந்தைக் கழுவிய பின் விந்தணு எண்ணிக்கை ஏன் குறைகிறது?

ஐயுஐக்கு (கழுவிய விந்தணுக்களைக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சைக்கு) கொடுத்த விந்து சாம்பிளில் 40 மில்லியன் விந்தணுக்கள் இருந்ததே, கழுவிய பின் 9 மில்லியன்தான், மீதியை லேபில் கொட்டிவிட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கொட்டவில்லை சகோதரரே, சலித்திருக்கிறார்கள். நானும் இதே வேலை பார்ப்பவன்தான்.

குழாயின் அடியில் 80 சதவீதச் செறிவுள்ள கனமான கரைசல், அதன்மேல் 40 சதவீதமுள்ள லேசான கரைசல், அதற்கும் மேலே விந்து. அடுக்குகள் கலந்துவிடாமல் பிப்பெட்டைச் சுவரோரம் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு விடுவோம். சென்ட்ரிஃபியூஜில் கால்மணி நேரம் சுற்றினால் இறந்த அணுக்கள், வெள்ளணுக்கள், குப்பை எல்லாம் பெரும்பாலும் மேலேயே தங்கிவிடும். திடமாக நீந்துபவை அடியில் சின்ன வெண்புள்ளியாகச் சேரும். அதை அலசி, அரை மில்லி மீடியத்தில் (விந்தணுக்களை உயிரோடு வைத்திருக்கும் திரவம்) கலந்து தருவோம். நல்ல சாம்பிளிலும் பாதிக்கு மேல் குறைவது சாதாரணம்.

அப்புறம், அந்த 9 மொத்தமா, ஒரு மில்லிக்கா, அதில் எத்தனை சதவீதம் நீந்துகிறது? ரிப்போர்ட்டில் அதைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் பேசுங்கள்.