பாக்டீரியாவில் கால்நடைத் தடுப்பூசிப் புரதம்: கேள்வி பதில்

பாலக்கோடு, எம்.எஸ்சி. மாணவி: சார், நாய் நாடாப்புழுவால் ஆட்டுக்கு வரும் நீர்க்கட்டி நோய்க்கான ஈஜி95 தடுப்பூசிப் புரதத்தை பிஎல்21 டிஇ3 என்ற ஈ.கோலை பாக்டீரியா வகையில் எடுக்கிறேன். ஜெல்லில் பட்டை நல்ல தடிமன். ஆனால் செல்லை உடைத்துச் சுழற்றியதும் எல்லாம் அடியில் வண்டலோடு போய்விடுகிறது. 37 டிகிரி, புரத உற்பத்தியைத் தூண்ட 1 மில்லிமோலார் ஐபிடிஜி, 4 மணி நேரம்.

அந்த மூன்று எண்களும் சேர்ந்து செய்கிற வேலைதான் அம்மா. 37 டிகிரியில் ஒரு புரதம் மடிந்து முடிவதற்குள் அடுத்தது வந்து ஒட்டிக்கொள்ளும். வளர்ப்பின் கலங்கலைக் காட்டும் ஓடி அளவு 0.6 வந்ததும் குடுவையை ஐஸ் தண்ணீரில் வைத்து 18 டிகிரிக்கு இறக்குங்கள். ஐபிடிஜி 0.1 மில்லிமோலார் போதும்: 500 மி.லி. வளர்ப்புக்கு 1 மோலார் கரைசலில் 50 மைக்ரோலிட்டர். 16 மணி நேரம் ஓடட்டும். 2 லிட்டர் குடுவையில் 500 மி.லி.க்கு மேல் ஊற்ற வேண்டாம், காற்று போதாது.

"8 மோலார் யூரியாவில் கரைத்தால் என்ன?" என்று அடுத்துக் கேட்பீர்கள். கரையும். ஆனால் ஈஜி95-இல் ஆட்டைக் காப்பாற்றும் எதிர்ப்பொருள் பிடிப்பது மடிந்த வடிவத்தைத்தான். யூரியாவை 8, 4, 2, 1 என்று படிப்படியாக டயாலிசிஸில், அதாவது சவ்வுப் பையில் வைத்து, இறக்க வேண்டும். அவசரப்பட்டால் பை முழுக்க வெள்ளையாகத் திரிந்து நிற்கும். முதலில் வெப்பத்தைக் குறைத்துப் பாருங்கள், யூரியா கடைசி வழி.

தருமபுரி, ஆய்வக உதவியாளர்: எங்கள் ஷேக்கரில் கூலிங் இல்லை. ஏப்ரலில் அறையே 36 டிகிரி.

அதில் ஹீட்டர் மட்டும்தான் இருக்கும். டயலில் 18 வைத்தாலும் அறை வெப்பத்துக்குக் கீழே இறங்காது, மோட்டார் சூடு வேறு சேரும். ஏசி அறைக்கு மாற்றி, இரவில் 22-24 டிகிரியில் 0.1 மில்லிமோலாரோடு ஓட்டுங்கள். டயலை நம்பாதீர்கள். பக்கத்துக் குடுவையில் தண்ணீர் ஊற்றி அதில் தெர்மாமீட்டரைப் போட்டுப் பாருங்கள்.

ஓசூர்: புரதத்தைப் பிடித்துச் சுத்தம் செய்யும் நிக்கல் ரெசின் நீலம் போய்ப் பழுப்பாகிவிட்டது.

பஃபரில் டிடிடி போட்டிருப்பீர்கள், அது நிக்கலை ஒடுக்கிவிடும். வெள்ளையாகியிருந்தால் குற்றவாளி இடிடிஏ, நிக்கலையே உருவிக்கொண்டு போயிருக்கும். புரதத்தை வெட்டும் புரோட்டியேஸைத் தடுக்கும் மாத்திரைகள் பலவற்றில் இடிடிஏ உண்டு, லேபிளைப் படித்து வாங்குங்கள். பிஎம்எஸ்எஃப் என்ற புரோட்டியேஸ் தடுப்பான் தண்ணீரில் சீக்கிரம் கெட்டுவிடும், செல்லை உடைக்கும் நேரத்தில் சேருங்கள். ரெசினைக் கழுவ இமிடசோல் 20 மில்லிமோலார், புரதத்தை இறக்க 250.

ஊத்தங்கரை: ஆம்பிசிலின் தட்டில் பெரிய காலனியைச் சுற்றிக் குட்டிக் காலனிகள். அடுத்தடுத்த வளர்ப்பில் புரதமும் குறைகிறது.

பெரிய காலனி சுரக்கும் பீட்டா லாக்டமேஸ் சுற்றியுள்ள மருந்தைத் தின்றுவிட, நம் ஜீனைச் சுமக்கும் பிளாஸ்மிட் (வட்ட டிஎன்ஏ) இல்லாத பாக்டீரியாவும் முளைக்கிறது. திரவ வளர்ப்பிலும் அதே கதை. கார்பெனிசிலின் 100 மைக்ரோகிராம்/மி.லி.க்கு மாறுங்கள். கனாமைசின் எதிர்ப்புள்ள பிளாஸ்மிட் கிடைத்தால் இன்னும் நல்லது, 50 போதும். இரவு வளர்ப்பில் 1% குளுக்கோஸ் போட்டால் முன்கூட்டியே புரதம் கசிவது அடங்கும்.

அரூர், கால்நடை மருத்துவர்: சுத்தம் செய்த புரதம்தான், போட்டதும் ஆட்டுக்குக் காய்ச்சல் அடிக்கிறது.

ஜெல்லில் ஒரே பட்டை தெரிந்தாலும் காய்ச்சல் தரும் எண்டோடாக்சின் (பாக்டீரியா உறையின் நச்சு) அதில் தெரியாது டாக்டர், கூமாசி சாயம் அதில் பிடிக்காது. புரதம் நிக்கல் ரெசினில் ஒட்டியிருக்கும்போதே 0.1% டிரைட்டான் எக்ஸ்-114 என்ற சோப்புப் பொருள் கலந்த குளிர்ந்த பஃபரால் நன்றாகக் கழுவி, பிறகு டிரைட்டான் இல்லாத பஃபரால் கழுவி இறக்குங்கள். இறக்கிய பிறகு என்றால் 1% சேர்த்து 4 டிகிரியில் கலக்கி, 37 டிகிரிக்கு ஏற்றிச் சுழற்றுங்கள். எண்டோடாக்சின் அடியில் டிரைட்டானோடு இறங்கும், மேல் பகுதியை எடுங்கள். சென்ட்ரிபியூஜ் குளிர்ந்திருந்தால் இரண்டும் மறுபடி கலந்துவிடும், இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். இரண்டு மூன்று முறை செய்து எண்டோடாக்சினை அளக்கும் எல்ஏஎல் சோதனையில் பாருங்கள்.

தேன்கனிக்கோட்டை, மாணவர்: எங்கள் பட்டியிலேயே போட்டுப் பார்க்கலாமா?

கூடாது தம்பி. நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழு, விலங்கு நெறிமுறைக் குழு இரண்டின் அனுமதியும் வேண்டும். மிச்ச வளர்ப்பையும் 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்யாமல் கொட்டாதீர்கள்.

பென்னாகரம், மாடு வளர்ப்பவர்: கோமாரி ஊசியையும் இப்படியே செஞ்சு சல்லிசா தரலாமேங்க?

1981-லேயே முயன்றார்கள் அண்ணா. கோமாரி வைரஸின் விபி1 என்ற ஒற்றைப் புரதத்தை ஈ.கோலையில் செய்து மாட்டுக்கும் பன்றிக்கும் போட்டார்கள். எதிர்ப்பு வந்தது, ஆனால் முழு வைரஸ் கூட்டுக்கு ஈடாகவில்லை. அந்தக் கூட்டில் நான்கு வகைப் புரதம், வகைக்கு 60. அவை சேர்ந்து நிற்கும் வடிவத்தைத்தான் மாட்டின் உடல் நன்றாக அடையாளம் காண்கிறது. அதனால் இப்போது போடுவது பிஹெச்கே-21 என்ற வெள்ளெலிச் சிறுநீரகச் செல்லில் வளர்த்துச் செயலிழக்கவைத்த வைரஸ். ஓ, ஏ, ஆசியா 1 என்ற மூன்று வைரஸ் வகையும் அதில் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் போடுங்கள். ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், ஃப்ரீசரில் உறைந்துபோன பாட்டிலைப் போட விடாதீர்கள்.