காய்ச்சல் இல்லை, ஆனால் உடம்பு சில்லிடுகிறதே?

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இந்த ஐப்பசி மழையிலும் களை பறிக்கப் போகிறார். ஒரு மாதமாக அசதி, குளிர் தாங்கவில்லை. அக்குளில் வைத்துப் பார்த்தால் 96 டிகிரியைத் தாண்டுவதில்லை. ‘காய்ச்சல்தான் இல்லையே’ என்கிறார்கள். விட்டுவிடலாமா?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: விட்டுவிடாதீர்கள். அதற்காக 96-ஐப் பார்த்துப் பதறவும் வேண்டாம். வாயில் பார்ப்பதைவிட அக்குளில் ஒரு டிகிரி வரை குறைவாகக் காட்டும். வயதானவர்களுக்கு உடம்புச் சூடு சற்றுக் குறைவாகவே இருக்கும். வயலிலிருந்து வந்த கையோடு பார்க்காதீர்கள். ஈரப் புடவையை மாற்றி, அக்குளைத் துடைத்து, அரை மணி கழித்து, கையை விலாவோடு ஒட்டி வைத்துப் பாருங்கள்.

அப்படியும் குறைவாகவே இருந்தால் என் முதல் சந்தேகம் தைராய்டு மேல்தான். அந்தச் சுரப்பி மந்தமானால் உடம்பில் சூடு உண்டாவதே குறையும். மலச்சிக்கல், வறண்ட தோல், உப்பிய முகம், கம்மிய குரல் எல்லாவற்றையும் ‘வயசாயிடுச்சு’ என்று வீட்டில் தள்ளிவிடுவார்கள். டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஹீமோகுளோபினும் பாருங்கள், ரத்தசோகையிலும் குளிர் தாங்காது. தூக்க மாத்திரை, மனநல மாத்திரை சிலவும் சூட்டைக் குறைக்கும் என்பதால் எல்லா மாத்திரை அட்டைகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அம்மா மாத்திரையைப் போட்டுவிட்டு நீராகாரத்தோடு வயலுக்குக் கிளம்புகிறாரா? வேலை செய்யச் செய்யச் சர்க்கரை இறங்கி, வியர்த்து, உடம்பு சில்லிடும். அந்த நேரம் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

எனக்கு அதிகக் கவலை தருவது தொற்றுதான். வயதான சர்க்கரை நோயாளிக்குக் கடுமையான கிருமித்தொற்று வந்தால் சில சமயம் காய்ச்சல் ஏறாது, சூடு இறங்கும். ‘காய்ச்சல் இல்லையே’ என்று வீட்டில் வைத்திருந்தே காலம் கடந்துவிடும். இன்றே அம்மாவின் பாதங்களை வெளிச்சத்தில் பாருங்கள். சேற்றில் நத்தை ஓடு கிழித்தாலும் மரத்துப்போன காலுக்கு வலி தெரியாது. விரலிடுக்குச் சேற்றுப்புண்ணில் சீழ், வீக்கம், நாற்றம் இருந்தால் நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

சரியாகப் பார்த்தும் 95-க்குக் கீழே காட்டினாலோ, பேச்சு குழறினாலோ, மூச்சு வாங்கினாலோ, எழுப்ப எழுப்பத் தூங்கிப்போனாலோ, உலர்ந்த போர்வையைப் போர்த்தி உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.